ஒம்பதாம் பிளாக்கு நம்பரு

ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு. இந்த நம்பர வெளிய சொன்னா செஸ்ஸு தெரிஞ்சவங்கோ சிரிப்பாங்கோ. நீங்களும் சிரிங்கோ, எனக்கு இன்னா. நான் முழுசா சொல்லி முடிச்சப்பறம் எவன் சிரிக்கிறான்னு பாத்துக்கலாம்.

என் பேரு செங்கொடி. எங்கப்பா யூனியன் ஆளுன்னு பேரக் கேட்டாலே தெரிஞ்சிடும். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு, ஒம்பதாம் பிளாக்கு, ரெண்டாவது மாடி. திருவொத்தியூர்ல டப்பா செய்யிற கம்பெனில வேல. பெயிண்ட் டப்பாவுக்கு மூடி சரியா குந்துதான்னு பாக்கணும். நான் சொல்ற இந்த விசயம் நடந்தது ரெண்டாயிரத்து நாலாவது வருசம். அப்ப நான் ஆறு வருசமா காண்ட்ராக்ட்டு. பர்மனென்ட் ஆளுக்கு நீலப் பாஸு, எங்களுக்கு மஞ்சப் பாஸு. கேன்டீன் உள்ள ஃபேனுக்குக் கீழ குந்தறது நீலப் பாஸு. மஞ்சப் பாஸு தட்ட வாங்கிகினு சைக்கிள் ஸ்டாண்டாண்ட நின்னுகினே துண்ணணும். ஆறு வருசம் நான் நின்னுகினேதான் துண்ணேன்.

எண்ணூர்லேர்ந்து ராயபுரம் வரைக்கும் கீற கம்பெனிங்கோ எல்லாம் சேந்து வருசா வருசம் செஸ் போட்டி வெப்பாங்கோ. மின்ன தபா எங்க கம்பெனி கடேசி. மானம் பூடுச்சுன்னு மேனேஜருக்கு ஒரே கடுப்பு. அந்த வருசம் நோட்டீஸு ஒட்டிட்டாங்கோ. டீம்ல மூணு சீட்டு. ரெண்டு சீட்டுக்கு ஆளு கீது, மூணாவது காலி. அதுக்குக் காண்ட்ராக்ட் ஆளு வந்தா அப்பவே பர்மனென்ட் ஆர்டரு. நான் அந்த நோட்டீஸ மூணு தபா படிச்சேன். 

ஏன்னா எனக்கு செஸ்ஸு ஆட வரும். சும்மா வரும்னு இல்ல, நல்லாவே வரும். எங்கப்பா கம்பெனில ஏழு மாசம் ஸ்ட்ரைக்கு நடந்தப்ப யூனியன் ஆபீஸ்ல பொழுது போகாம எல்லாரும் செஸ்ஸு ஆடிகினு இருந்தாங்கோ. அங்க சோறு எடுத்துகினு போற பொண்ணு நான். ஸ்ட்ரைக்கு முடியறதுக்குள்ள அங்க குந்தியிருந்த அத்தினி பேரையும் தோக்கடிச்சிட்டேன்.

அப்ளிகேசன் ஃபாரத்துல ஒரு கட்டம் போட்டு, 'ஆன்லைன் ரேட்டிங்' எவ்ளோன்னு கேட்டிருந்தாங்கோ. அது இன்னான்னா, கம்ப்யூட்டர்ல மூஞ்சி தெரியாத ஆளோட ஆடுவோம் இல்ல, ஜெயிச்சா நம்பரு ஏறும், தோத்தா எறங்கும். பெரிய நம்பர் ஆளத் தோக்கடிச்சா நெறைய ஏறும். அந்த நம்பரப் பாத்தே ஆளு எவ்ளோ பலம்னு சொல்லிடலாமாம். நான் சந்தோசமா எழுதுனேன், ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டுன்னு. அதுக்கு மின்ன எங்க நம்பரு அவ்ளோ ஒசரம் ஏறுனதே இல்ல.

எங்க நம்பருன்னு சொன்னேன் பாருங்கோ, கோளாறே அங்கதான் கீது.

எங்க பிளாக்குக்குக் கீழ ராசையா அண்ணன் பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தாரு. மூணு மெசினு, அதுல ஒண்ணு எப்பவும் படுத்துக்கும். செஸ்ஸு ஆடணும்னா ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு வேணும்னாரு. எங்களுக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? கொழாயடி பம்பு மாதிரி பிளாக்குக்கு ஒண்ணு போதும்னு நெனச்சிட்டோம். அவரே 'ஒம்பதாம் பிளாக்கு'ன்னு ஒரு பேரு தொறந்து குடுத்தாரு. ஆட்டம் தெரிஞ்ச நாங்க பதினோரு பேரும் அந்த ஒரே பேர்லதான் ஆடுனோம். வரிசையா நின்னு ஆளுக்கு ஒரு ஆட்டம். நான் ஜெயிப்பேன், நம்பரு ஆறு ஏறும். அடுத்து மாசானம் மாமா குந்துவாரு. ஹார்பர்ல மூட்டை தூக்கறவரு, தங்கமான மனுசன், ஆனா ராணியக் கைல எடுத்தா எங்கியாவது கொண்டு போயி குடுத்துட்டுதான் வருவாரு. நம்பரு பத்து எறங்கும்.

இதுல கரண்டு வேற. ஆடிகினே கீறப்ப கரண்டு பூடும். மெசினு ஆஃப். ஆளு ஓடிட்டான்னு நெனச்சிகினு கம்ப்யூட்டரு நம்மளத் தோத்த கணக்குல சேத்துடும். அதுக்காவ நாங்க எந்திரிச்சிப் பூட மாட்டோம். ராசையா அண்ணன் வாசல்ல ஒரு பலகைய வெச்சி, எந்தக் காய் எந்தக் கட்டத்துல நின்னுச்சோ அப்டியே அடுக்கி, விட்ட எடத்துலேர்ந்து ஆடுவோம். இந்தப் பக்கம் நாலு பேரு, அந்தப் பக்கம் நாலு பேரு. வெள்ளதான் ஜெயிக்கும்னு ஒருத்தரு, அதெல்லாம் நடக்காதுன்னு இன்னொருத்தரு. கரண்டு வந்தாக்கூட முடியாது அந்த சண்ட.

ஒரு ஞாயித்துக்கெழம மாசானம் மாமா அதிசயமா ஜெயிக்கிற மாதிரி ஆடிகினு இருந்தாரு. அவருக்கு ஒரு யானை, ஒரு சிப்பாய். எதிராளிக்கு யானை மட்டும். சிப்பாய் இன்னும் ஒரே கட்டம் போனா ராணி ஆய்டும். ஆனா அந்தக் கட்டத்துல மாமாவோட ராஜாவே நின்னுகினு வழிய அடச்சிருக்காரு. ராஜா வெளிய வந்தா எதிராளியோட யானை செக்கு மேல செக்கு குடுத்துத் தொரத்தும். கரண்டு பூடுச்சு. பலகைல அடுக்குனோம். மத்தியானம் மூணு மணிலேர்ந்து இருட்டற வரைக்கும் ஆடிப் பாத்துட்டோம், ஒருத்தராலயும் ராஜாவ வெளிய கொண்டார முடியல. இது டிராதான்னு நானே சொல்லிட்டேன்.

எங்க பதினோரு பேர்ல ஒருத்தங்க மலர்க்கொடி அக்கா, அப்பதான் டூட்டி முடிச்சி வந்தாங்கோ. கொடுங்கையூர் குப்பமேட்டுல வேல, லாரி ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி நின்னு கை காட்றது அவுங்கதான். கொஞ்ச நேரம் பலகையவே பாத்துகினு நின்னாங்கோ.

"ராஜாவ ஏன்மே மொதல்ல நவுத்தற? லாரி கெளம்பறதுக்கு மின்னாடியே நான் போயி நிக்கணும். கெளம்புனப்பறம் போனா நசுங்கிப் பூடுவேன். யானைய மின்னாடியே கொண்டு போயி நாலாவது வரிசைல நிறுத்து. அப்பால ராஜா வரட்டும். செக்கு குடுக்க வந்தான்னா யானை குறுக்க வந்து நிக்கும்."

ஆடிப் பாத்தோம். ராஜா வெளிய வந்தாரு, செக்கு வந்துச்சு, ஒவ்வொரு படியா எறங்குனாரு, கடேசி செக்குக்கு யானை குறுக்க வந்து நின்னுச்சு. சிப்பாய் ராணி ஆய்டுச்சு. மாசானம் மாமா கத்துன கத்துல மூணாவது மாடிலேர்ந்து எட்டிப் பாத்தாங்கோ. ஆனா கம்ப்யூட்டர்ல அந்த ஆட்டம் நாங்க தோத்ததாதான் கீது. நம்பரு ஒம்பது எறங்கிச்சு.

இப்ப கம்பெனிக்கு வாரேன். வெல்ஃபேர் ஆபீசரு சண்முகவேல் சார் ரூமுக்கு என்ன கூப்ட்டாரு. மேசைல ரெண்டு ஃபாரம் கெடக்குது. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு கம்ப்யூட்டர் ரூம்ல வேல பாக்கற தீபனோடது. முகத்துவாரக்குப்பத்துப் புள்ள, நீலப் பாஸு. அவன் நம்பரு ஆயிரத்து எண்ணூத்தி அறுவத்தெட்டு.

"ஏம்மா, நானூத்தி ஐம்பது வித்தியாசம். இதுல டெஸ்ட் வைக்க என்ன இருக்கு? இதைப் போய் பெருமையா எழுதியிருக்கீங்க" அப்டின்னு சிரிச்சாரு. அவரு கெட்ட மனுசன் இல்ல. அந்த நம்பரு தர்மாமீட்டரு மாதிரின்னு நம்பிட்டாரு, அவ்ளோதான். ஆனா அந்த சிரிப்பு எனக்குச் சுருக்குனு குத்திச்சு.

கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. வூட்டுக்குக்கூட போவல, நேரா ராசையா அண்ணன் கடைக்குப் போனேன். மாசானம் மாமா ஆடிகினு இருந்தாரு. அப்பதான் ராணியக் குடுத்துட்டு சிரிச்சிகினு கீறாரு. நான் கத்துனேன். உங்களாலதான் என் பொழப்பு நாறுது, நான் ஏத்தறத நீங்க எறக்கறீங்கோ, ஆட வராதவங்கோ ஏன் குந்தறீங்கோன்னு கண்டபடி கத்துனேன். மலர்க்கொடி அக்கா "இன்னாமே ஆச்சு?"ன்னு பக்கத்துல வந்தாங்கோ. நான் திரும்பி அவுங்களப் பாத்து, "குப்ப வார்ற கைக்கு செஸ்ஸு ஒண்ணுதான் கொறச்சலா?"ன்னு கேட்டுட்டேன்.

கேட்டுட்டேன். எங்கப்பா செங்கொடின்னு பேரு வெச்ச பொண்ணு நான். இப்ப நெனச்சாலும் நாக்க அறுத்துப் போடலாம் போலக் கீது.

அக்கா அவுங்க கைய ஒரு தபா பாத்துகினாங்கோ. சோப்பு போட்டு கழுவிட்டுதான் வந்திருந்தாங்கோ. "சரிம்மா, நீ ஆடு"ன்னு சொல்லிட்டு மாடிக்குப் பூட்டாங்கோ. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சிட்டாங்கோ. ராசையா அண்ணன் மட்டும் என்ன ஒரு மாதிரி பாத்தாரு. ஆனா நான் கேட்டதுக்காவ பாஸ்வேர்ட மாத்திக் குடுத்தாரு.

ஒரு வாரம் நான் மட்டும் தனியா ஆடுனேன். நம்பரு ஏறிச்சு, இல்லன்னு சொல்லல. ஆயிரத்து ஐநூத்தி மூணு வரைக்கும் வந்துச்சு. ஆனா ஒரு தபா நல்லா ஆடிகினு இருக்கறப்ப கரண்டு பூடுச்சு. பழக்க தோசத்துல வாசல்ல வந்து பலகைல காயெல்லாம் அடுக்கிட்டேன். அடுக்கிட்டுப் பாத்தா எதிர்ல குந்த ஆளு இல்ல. யாரோட சண்ட போடறது? ராசையா அண்ணன் கல்லாவாண்ட குந்திகினு பேப்பர் படிக்கிறாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பதான் மண்டைல ஏறிச்சு. அந்த ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு என் பலமும் இல்ல, மாசானம் மாமா பலமும் இல்ல. பதினோரு பேரையும் கூட்டி வகுத்தது, அதுல கரண்டு போன ஆட்டத்தையும் கழிச்சது. சரி, என்னுது பொய்யின்னா தீபனோட நம்பரு மட்டும் எப்டி நெசம்? அவன் எத்தினி நிமிச ஆட்டம் ஆடுனான், எப்டிப்பட்ட ஆளுங்களோட ஆடுனான், அதுல எங்க எழுதிக் கீது?

மறுநாளு காலைல சண்முகவேல் சார் ரூமுக்குள்ள கேக்காமயே நொழஞ்சிட்டேன்.

"சார், போட்டில நம்பரா வந்து குந்தி ஆடப்போவுது? ஆளுதான ஆடணும்? அந்த ஆளக் குந்த வெச்சி என்னோட ஆடச் சொல்லுங்கோ. ஒரே ஆட்டம். தோத்தா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"டிரா ஆச்சுன்னா?"

"டிரா ஆச்சுன்னாக்கூட சீட்டு தீபனுக்கே. நான் ஜெயிச்சாதான் எனக்கு."

அவரு காலண்டரத் திருப்பிப் பாத்தாரு. அப்பால, "வெள்ளிக்கிழமை, கேன்டீன்ல. ஆளுக்கு ஒரு மணி நேரம்"னாரு.

வெள்ளிக்கெழம கேன்டீன் உள்ள, ஃபேனுக்குக் கீழ, ஆறு வருசத்துல மொத தபா நான் குந்துனேன். ஜன்னலுக்கு வெளிய சைக்கிள் ஸ்டாண்டாண்ட மஞ்சப் பாஸுங்கோ எல்லாம் எட்டிப் பாத்துகினு கீறாங்கோ. தீபன் மரியாதியான புள்ள. "அக்கா, வெள்ளை நீங்க எடுத்துக்கோங்க"ன்னான். டப்பா அடிக்கிற பிரஸ் ஷாப்லேர்ந்து தடதடன்னு சத்தம். அவன் எந்திரிச்சிப் போயி கதவச் சாத்துனான். எனக்கு அந்த சத்தம் இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா? பின்னாடி பத்து பேரு கத்தாம நான் ஆடுனதே இல்ல.

அவன் சர்ரு சர்ருனு ஆடுனான். நான் யோசிக்கிறப்ப அவனுக்கு இருப்புக் கொள்ளல, கடியாரத்தையே பாத்துகினு இருந்தான். மொதல்ல எனக்கு தாவு தீந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். குதிரைய வெச்சி ஒரு எடத்துல என்ன மடக்கிட்டான். எப்டியோ மூச்சப் புடிச்சிகினு வெளிய வந்தேன். அவன் அவசரத்துல ஒரு சிப்பாய வுட்டான். அத்த நான் புடிச்சிகினேன். காயெல்லாம் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு, கடேசில எனக்கு ஒரு யானை, ஒரு சிப்பாய். அவனுக்கு யானை மட்டும்.

என் சிப்பாய் ராணி ஆவறதுக்கு இன்னும் ஒரே கட்டம். அந்தக் கட்டத்துல என் ராஜா நிக்கிறாரு.

 மாசானம் மாமாவோட ஞாயித்துக்கெழம ஆட்டம் அப்டியே எதிர்ல கீது.

தீபன் சிரிச்சிகினே கை நீட்டுனான். "டிரா எடுத்துக்கலாமா அக்கா? நீங்க வெளியே வந்தா நான் செக் குடுத்துக்கிட்டே இருப்பேன்." சண்முகவேல் சாரும் எந்திரிக்கப் போனாரு. ஜன்னலாண்ட நின்னவங்களுக்கு மூஞ்சி தொங்கிப் பூடுச்சு.

"குந்துப்பா"ன்னு சொன்னேன். ராஜாவத் தொடல. யானைய எடுத்து நாலாவது வரிசைல நிறுத்துனேன்.

அவன் எதுக்கு இதுன்னு பாத்தான். புரியல. ராஜா வெளிய வந்தாரு. செக்கு. எறங்குனாரு. செக்கு. மறுபடியும் எறங்குனாரு. மறுபடியும் செக்கு. அப்ப நான் யானையத் தூக்கிக் குறுக்க வெச்சேன். அவன் கை பாதில நின்னுடுச்சு. அஞ்சு நிமிசம் பலகைய விட்டு அவன் கண்ண எடுக்கல, அன்னிக்கு அவன் அவ்ளோ நேரம் யோசிச்சது அந்த ஒரு தபாதான். அப்பால ராஜாவ படுக்க வெச்சிட்டு கை குடுத்தான்.

"என்னோடது எல்லாம் மூணு நிமிச ஆட்டத்துல வந்த நம்பர்க்கா. இந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள யாருக்காவது டைம் முடிஞ்சிரும். இதை நான் ஆடினதே இல்ல. எங்க கத்துக்கிட்டீங்க?"

எங்கன்னு கேட்டான் பாருங்கோ.  வெளிய மஞ்சப் பாஸுங்கோ தட்ட எடுத்துத் தட்டற சத்தம், பிரஸ் ஷாப் சத்தமே கேக்கல.

சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்குனதும் நேரா மலர்க்கொடி அக்கா வூட்டுக்குத்தான் போனேன். துணி மடிச்சிகினு இருந்தாங்கோ. வாசப்படில நின்னுகினு, "நாலாவது வரிசைக்கா"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. அப்பால அழுதுட்டேன். ரெண்டு கையையும் புடிச்சிகினு, அன்னிக்குப் பேசுனது தப்பு, மன்னிச்சிடுன்னு கேட்டேன்.

"ஜெயிச்சிட்டியா?"

"ஜெயிச்சிட்டேன்."

"அதுக்கு ஏன்மே அழுவுற? குந்து, டீ போடறேன்"னாங்கோ. டீ ஆத்திகினே, "பேசுன பேச்சு வலிச்சிச்சுதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா யானைய சரியா கொண்டு போயி நிறுத்துன பாரு, அதுக்காவ வுட்டுடறேன்"னாங்கோ. அன்னிக்கு குடிச்ச டீ மாதிரி அப்பறம் நான் குடிக்கவே இல்ல.

மறுநாளு காலைல பழைய பாஸ்வேர்டுக்கே ராசையா அண்ணன் திரும்ப மாத்துனாரு. மாத்துன கையோட, "உனக்குன்னு தனியா ஒரு பேரு தொறந்துக்கயேன், செங்கொடி. ரெண்டே மாசத்துல எங்கியோ போயிடுவ"ன்னாரு. வேணாம்னேன். மாசானம் மாமாகிட்டயும் மத்தவங்ககிட்டயும் போயி மன்னிப்பு கேட்டுக் கூட்டியாந்தேன். சனிக்கெழமயும் ஞாயித்துக்கெழமயும் பதினோரு பேரும் வரிசைல நின்னு ஆடுனோம். ரெண்டு தபா கரண்டு பூடுச்சு.

திங்கக்கெழம சண்முகவேல் சார் ஆர்டரும் நீலப் பாஸும் குடுத்தாரு. போட்டிக்கு அனுப்பற லிஸ்ட்ட எதிர்ல வெச்சிகினு குந்தியிருந்தாரு. அதுலயும் அந்த ரேட்டிங் கட்டம் கீது. என் பேருக்கு நேரா பேனாவ வெச்சிகினு கேட்டாரு.

"இப்ப எவ்வளவும்மா?"

"ஆயிரத்து நானூத்திப் பத்தொம்பது சார்."

"போன வாரம் ஆயிரத்து ஐநூறைத் தாண்டிடுச்சுன்னு கேள்விப்பட்டேனே? ஏன் இறங்கிடுச்சு?"

"நேத்து மாசானம் மாமா ஆடுனாரு சார்."

அவருக்குப் புரியல. அப்பால எல்லாத்தையும் சொன்னேன். பதினோரு பேரு, ஒரே பாஸ்வேர்டு, கரண்டு, வாசல்ல கீற பலகை, லாரிக்குக் கை காட்டற அக்கா, ஒண்ணு விடாம. அவரு பேனாவக் கீழ வெச்சிட்டுக் கேட்டாரு. முடிச்சதும், "அப்ப இந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடவா? மத்த கம்பெனிக்காரங்க பார்த்துச் சிரிப்பாங்களே"ன்னாரு.

"சிரிக்கட்டும் சார். மத்தவங்களுக்கு அந்தக் கட்டத்துல ஒரு ஆளுதான். எனக்குப் பதினோரு பேரு. எழுதுங்கோ."

அவரு எழுதுனாரு. நான் நீலப் பாஸக் கழுத்துல மாட்டிகினு கேன்டீனுக்குப் போயி, ஃபேனுக்குக் கீழ குந்தித் துண்ணேன்.